தோட்டா நிரப்ப எத்தனை விநாடி?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்திச் செல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, தம் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று சொல்கிறார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட ‘கர்ப்ஸ்’ இத்தகைய விளையாட்டு. அதன் விதிநூலின் நான்காம் பதிப்பு 2004இல் வந்தது. துப்பாக்கிகளையும் அவற்றின் துணைக்கருவிகளையும் விரிவாகக் கூறும் ‘ஹை-டெக்’ என்ற துணைநூல் 2007இல் வெளிவந்தது.

விளையாட்டு நூலுக்கு விஞ்ஞான இதழில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விளையாட்டின் விதிகள் உலகத்தின் ஒரு மாதிரி. கயிற்றுக்கு எடையில்லை, கப்பிக்கு உராய்வில்லை என்று வைத்துக்கொண்டு நாம் கணக்குப் போடுவதில்லையா? அது போலத்தான் இதுவும். இந்த மாதிரியில் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று பார்ப்போம்.

முதலில் கால அளவு. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற புகழ்பெற்ற விளையாட்டின் 1970களின் இறுதியில் வந்த ‘அட்வான்ஸ்டு’ பதிப்பில், சண்டையின் ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம். கர்ப்ஸில் ஒரு சுற்று ஒரே ஒரு விநாடி. நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரத்தால் ஊசலின் அலைவுக் காலத்தை அளக்க முடியுமா? தோட்டா நிரப்பும் கருவிகளின் பயனும் அப்படித்தான். விநாடிக் கணக்கில் பார்த்தால்தான் அது புலப்படும்.

கர்ப்ஸ் அட்டவணையில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எதிரே நிரப்பும் நேரம் தரப்பட்டுள்ளது. ரிவால்வருக்கு ஒரு தோட்டாவுக்கு 3 விநாடி. ஆறு தோட்டாக்களுக்கு 18 விநாடி. மேகசின் எனப்படும் தோட்டாக் கூடு செருகும் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கோ மொத்தமே 3 விநாடி. ஆறு தோட்டாக்களையும் வளையமாகப் பிடித்து ஒரே தடவையில் ரிவால்வருக்குள் இறக்கும் ‘ஸ்பீடு லோடர்’ ஏன் தோன்றியது என்பதை இந்த இரண்டு எண்களே விளக்கிவிடுகின்றன. இது இந்நூலின் சிறப்பு.

ஓசையடக்கியின் கதையும் சுவையானது. திரைப்படங்களில் அதைப் பொருத்தினால் ‘புஸ்’ என்ற ஒலி மட்டுமே கேட்கும். உண்மை வேறு. கைத்துப்பாக்கியின் வெடியோசை ஏறக்குறைய 160 டெசிபல். நல்ல அடக்கி சுமார் 30 டெசிபல் குறைக்கும். ஒலிச்செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. ஆனாலும் மிஞ்சுவது 130 டெசிபல், அதாவது காது வலிக்கத் தொடங்கும் எல்லை! தவிர, ஒலியைவிட வேகமாகப் பாயும் குண்டு காற்றில் எழுப்பும் அதிர்வலையை எந்த அடக்கியாலும் தடுக்க முடியாது.

கர்ப்ஸின் செவிப்புலன் விதிப்படி, தூரம் இருமடங்காகும்போதெல்லாம் கேட்கும் வாய்ப்பில் ஒரு புள்ளி கழியும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்று நாம் படித்ததோடு இது ஒத்துப்போகிறது. 30 டெசிபல் குறைவது, ஐந்து முறை இருமடங்கு விலகி நிற்பதற்குச் சமம். அதாவது 10 மீட்டரில் நிற்பவருக்கு 320 மீட்டரில் நிற்பது போன்ற நிலை. பகடை விதிக்குள் மடக்கை அளவுகோல் ஒளிந்திருப்பதைக் கண்டு மகிழ்கிறோம்.

இனி, குறைகள். மேகசினுக்கு 3 விநாடி என்றோமே, அது நிரப்பிய கூட்டைச் செருகும் நேரம் மட்டுமே. காலிக் கூட்டில் 30 தோட்டாக்களை விரலால் அழுத்தி அடுக்க வேண்டியவர் யார்? தோட்டாவுக்கு 2 விநாடி என்று கொண்டாலும் ஒரு நிமிடம் ஆகிறது. ஹூக் விதிப்படி, உள்ளேயுள்ள சுருள்வில் அமுங்க அமுங்க எதிர்விசை கூடும். கடைசித் தோட்டாக்கள் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிடும். ஆக, மேகசின் அந்த நேரத்தை அழித்துவிடுவதில்லை. சண்டைக்கு முன்னால் நகர்த்தி வைக்கிறது. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாமல் போகும்.

இரண்டாவது குறை பெரியது. அட்டவணையில் உள்ள 3 என்பது காயப்படாத, நடுங்காத கையின் எண். கர்ப்ஸ் வெளிவந்த அதே 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று, மயாமி நகருக்கு அருகே எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரு கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. கையில் குண்டு பாய்ந்த ஓர் அதிகாரியால் தம் ரிவால்வரை மறுபடி நிரப்ப முடியவில்லை. இரண்டு அதிகாரிகள் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் மாண்டனர். இதன் பின்னர்தான் எஃப்.பி.ஐ. ரிவால்வரைக் கைவிட்டுத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறலாயிற்று. அங்கே 18 விநாடி என்ற கணக்குக்குப் பொருளே இருக்கவில்லை.

கைக்காயத்துக்குக் கர்ப்ஸில் தனி விதி உண்டு என்பதை மறுக்கவில்லை. விரைந்து நிரப்பும் திறமை பெற்ற பாத்திரம் பகடையில் வென்றால் நேரம் குறையவும் செய்யும். ஆனால் அச்சத்தாலும் வலியாலும் நேரம் எவ்வளவு நீளும் என்பதை அட்டவணையின் எண் சொல்வதில்லை. எந்த அளவையும் பிழை வரம்பின்றி எழுதாதீர்கள் என்று ஆய்வகத்தில் மாணவர்களிடம் வற்புறுத்துகிறோம். 3 விநாடிக்கும் ஒரு கூட்டல்-கழித்தல் குறி வேண்டும் அல்லவா?

விநாடியை அலகாகக் கொண்ட துணிவுக்காகவும், திரைப்பட மயக்கங்களுக்கு இடங்கொடாத ஒலிக் கணக்குக்காகவும் கர்ப்ஸைத் தாராளமாகப் பாராட்டலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதை ஆடினால் தடுக்க வேண்டாம். அட்டவணை எண்ணை அவர்கள் சொல்லும்போது, ‘இது யாருடைய கை, எந்த நிலைமையில்?’ என்று மட்டும் கேளுங்கள். நிரப்பும் நேரத்துக்கும் ஒரு பகடை உருட்டிக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்டம் சற்று மெதுவாகும். ஆனால் மாதிரிக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி அவர்களுக்கு விளங்கும்.