நெளிவதும் உடைவதும்

எஃகோ அலுமினியமோ என்றால் உறுதி, பிளாஸ்டிக் என்றால் மலிவு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ரைஃபிளின் தோட்டாப் பெட்டியான மேகசினைப் பற்றிய விவாதமும் நெடுங்காலம் இந்த எண்ணத்திலிருந்தே தொடங்கியது. ஆனால் மேகசின் வெறும் பெட்டியன்று. துப்பாக்கியின் இயக்கத்தில் அதுவும் ஓர் உறுப்பு. அதன் வாயில் இருக்கும் இரண்டு உதடுகள் மேல்தோட்டாவை ஒரு குறிப்பிட்ட உயரத்தில், ஒரு குறிப்பிட்ட சாய்வில் பிடித்து நிற்க வேண்டும். முன்னோக்கி வரும் போல்ட் அதை உருவி அறைக்குள் தள்ளும். உதடு இம்மியளவு விரிந்தால் இரண்டு தோட்டாக்கள் ஒன்றாகக் கிளம்பலாம். பக்கச்சுவர் உள்வாங்கினால் தோட்டாக்கள் நடுவழியில் சிக்கிவிடும். ஆகவே எந்தப் பொருள் அதிக அடியைத் தாங்கும் என்ற கேள்வி பாதிக் கேள்விதான். அடிபட்ட பிறகு அது தன் பழுதைக் காட்டிக்கொடுக்கிறதா, மறைத்து வைத்துக்கொள்கிறதா என்பது மீதிப் பாதி. உயிர் அதை நம்பியிருப்பதால், எனக்கு அந்த இரண்டாம் பாதியே பெரிதாகப் படுகிறது.

அமெரிக்காவின் எம்-16 ரைஃபிள் இதற்கு நல்ல சான்று. எடையைக் குறைக்க அதன் மேகசினை மெல்லிய அலுமினியத் தகட்டில் செய்தார்கள். முதலில் அது 20 தோட்டா கொள்ளும் நேரான பெட்டி. துப்பாக்கியில் மேகசின் நுழையும் குழியும் அந்த நேர்வடிவத்துக்கே அளவெடுக்கப்பட்டது. பிறகு 30 தோட்டா வேண்டும் என்றபோது, மேல்பாதி நேராகவும் கீழ்ப்பாதி வளைந்தும் ஒரு சமரச வடிவம் பிறந்தது. தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டு அந்த வளைவைத் தாண்டும்போது சாய்ந்துகொள்வது தீராத தலைவலியானது. கறுப்புத் தட்டு பச்சையானது. 2009-இல் சாயாத வகையில் திருத்திய பழுப்புநிறத் தட்டு வந்தது. இவையெல்லாம் உள்ளிருக்கும் உறுப்புகளுக்கான வைத்தியம். சுவர் அதே மெல்லிய அலுமினியம்தான். அலுமினியப் பாத்திரத்தைப் புழங்கியவர்களுக்கு அதன் குணம் தெரியும்: விழுந்தால் உடையாது, நெளியும், நெளிந்தது தானாக நிமிராது. நிறைந்த மேகசின் வாய்ப்பக்கமாகத் தரையில் விழுந்தால் உதடு விரிந்தே நிற்கும். அந்த விரிவு கண்ணுக்குத் தெரியாது. அளவுகோல் வைத்தால்தான் தெரியும். துடைத்து மீண்டும் அடுக்கிவிடுவார்கள். பழுதான மேகசின் நல்லவற்றோடு கலந்து ஆண்டுக்கணக்கில் கைமாறுவதற்கு இந்த மௌனமே காரணம்.

2007-இல் அமெரிக்காவின் மேக்புல் நிறுவனம் கொண்டுவந்த 'பிமேக்' இந்த இடத்தில்தான் மாற்றத்தை உண்டாக்கியது. அதன் உடலான உறுதியூட்டிய பாலிமர், அதாவது பிளாஸ்டிக், அடிபட்டால் சற்று வளைந்து பழைய வடிவுக்கே திரும்பும். தாங்க முடியாவிட்டால் விரிசல் விடும். விரிசல் கண்ணுக்குத் தெரியும், விரலுக்கும் தட்டுப்படும். அந்த மேகசினை ஒதுக்கிவிடலாம். உடைவதைக் குறையாகச் சொல்பவர்கள், உடைவது ஓர் அறிவிப்பும்தான் என்பதைக் கவனிப்பதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு நம் நாட்டிலிருந்தே வருகிறது. இந்திய ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளுக்கு, உள்ளிருக்கும் தோட்டா தெரியும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மேகசின் கொடுத்தார்கள். 1999 கார்கில் போரில் மலைமுகடுகளின் உறைகுளிரில் அவை விரிசல் விட்டன என்ற புகார்கள் எழுந்தன. விரிசல் தன்னை அறிவிக்கிறது என்ற என் வாதம், எதிரியின் குண்டுவீச்சுக்கு நடுவே பாறையைப் பற்றி ஏறும் வீரருக்கு ஆறுதல் தராது. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பாலிமர் என்ற இனத்தின் மீதான தீர்ப்பாகாது. பாலிமர் என்பது ஒரு பொருளின் பெயரன்று, பெரிய குடும்பத்தின் பெயர். வாளியும் பாலிமர்தான், குண்டு துளைக்காத கவசத்தின் இழையும் பாலிமர்தான். ஒரே நைலான்கூட, அச்சிலிருந்து வந்த உலர்நிலையில் எளிதில் நொறுங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு இழுபடும் தன்மை பெறும். எந்தக் கலவை, எத்தனை தடிமன், எந்தத் தட்பவெப்பத்தில் சோதித்தது என்று கேட்காமல் 'பிளாஸ்டிக்' என்று ஒரே சொல்லில் புகழ்வதும் இகழ்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். இமயத்தில் போரிடும் ராணுவம் தன் மேகசினை இமயக் குளிரில் கீழே போட்டுப் பார்த்தே ஏற்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு, நீண்ட காலம் நிரப்பி வைத்தால் ஸ்பிரிங்கின் இடைவிடாத அழுத்தத்தில் பாலிமர் உதடு மெல்ல விரியும் என்பது. இது உண்மையான குணம்தான். பிமேக்கின் மூடி, மாட்டும்போது மேல்தோட்டாவைக் கீழே அழுத்தி உதட்டின் சுமையைக் குறைக்கிறது; குறையை அறிந்து செய்த வடிவமைப்பு அது. மூன்றாவது, பாலிமர் சுவர் தடிமனாக இருப்பதால் எல்லாத் துப்பாக்கியிலும் பொருந்தாது என்பது. அமெரிக்க மரைன் படை 2012-இல் பாலிமர் மேகசின்களுக்குத் தடைபோட்டபோது, அவர்களின் எம்-27 ரைஃபிளில் அன்றைய பிமேக் சரியாகப் பொருந்தவில்லை. பிறகு வடிவம் திருத்தப்பட்டது. 2016 டிசம்பரில் அதே படை மூன்றாம் தலைமுறை பிமேக்கைப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது.

எஃகைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். அலுமினியத்தின் பாவத்தை எஃகின் தலையில் கட்டக் கூடாது. பிரிட்டனின் எல்-85 ரைஃபிளுக்கு ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் செய்த எஃகு மேகசின் எளிதில் நெளியாது. அதன் விலை வேறிடத்தில் இருக்கிறது: வெறும் மேகசினே ஏறத்தாழ 250 கிராம். அலுமினியத்தில் அது 115 கிராம் அளவு, பிமேக்கில் 140 கிராம் அளவு. வழக்கமான ஏழு மேகசின்களைச் சுமந்து நடப்பவருக்கு, எஃகுக்கும் பிமேக்குக்கும் இடையே முக்கால் கிலோ வித்தியாசம். எஃகில் துருவும் ஏறும்.

இந்த இருமுனைப் போட்டிக்கு வெளியே நின்ற சோவியத் பொறியாளர்களின் தீர்வையே நான் மிகவும் மதிக்கிறேன். கலாஷ்னிகோவ் ரைஃபிளின் மேகசினை முன்பக்கக் கொக்கியில் மாட்டிப் பின்னோக்கிச் சாய்த்துப் பூட்ட வேண்டும். முழுச் சுமையும் அந்தப் பூட்டும் இடங்களில்தான் விழுகிறது. செம்பழுப்பு நிற மேகசின்களில் உடலைக் கண்ணாடி இழை சேர்த்த பிசினில் வார்த்தார்கள். பூட்டும் இடங்களில் எஃகைப் பதித்தார்கள். அந்த எஃகை விட்டுவிட்டு மலிவாக வார்க்கப்படும் கலாஷ்னிகோவ் மேகசின்கள், கீழே விழும்போது முதலில் உடைவது அந்த முன்கொக்கியில்தான்.