ரிச்சர்ட்ஸும் டூமும்: அறிவின் அளவு பற்றிய ஓர் ஆராய்ச்சி

அமெரிக்கப் படக்கதைகளில் தலைவனும் அவன் பகைவனும் உடல்வலியால் மோதுவதே பெருவழக்கு. இருவரையும் அறிவால் மோதவிட்டுக் கதை நடத்துவன சிலவே. அச்சிலவற்றுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது, ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1961-ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனத்தின் வாயிலாகத் தொடங்கிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்னும் தொடராகும். நால்வர் குழுவின் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸ் உடலை வேண்டியவாறு நீட்டவும் வளைக்கவும் வல்லவன். ஆயினும் அவன் உண்மைப் படைக்கலம் அவனது அறிவே. அவனுக்கு எதிராக நிற்பவன் விக்டர் வான் டூம். லாட்வீரியா என்னும் கற்பனை நாட்டின் மன்னன். இரும்பு முகமூடியால் முகம் மறைத்து வாழ்பவன். அறிவியலோடு மந்திரமும் பயின்றவன். இவ்விருவருள் அறிவிற் சிறந்தவன் யாவன் என்பது அக்கதைகளைப் பயில்வோரிடையே நெடுநாளாக நிகழ்ந்துவரும் வழக்கு.

இவ்வழக்கில் இரு திறத்தாரும் மேற்கொள்ளும் முறை ஒன்றே. இவன் இயற்றிய பொறிகள் இவை, அவன் இயற்றிய பொறிகள் அவை என்று எண்ணிக் காட்டுவர். எண்ணிக்கை மிக்கவனுக்கு வெற்றி தருவர். இம்முறை திறனாய்வுக்கு உதவாது. கற்பனை மாந்தர்தம் கல்வியளவு நூலாசிரியன் சொல்லிய அளவேயாகும். ஒருவனுக்கு ஓர் இதழில் ஒரு பொறியை வழங்கிய எழுதுகோல் மறு இதழில் அவன் பகைவனுக்கு அதனினும் பெரியதொன்றை வழங்கவல்லது. எனவே எண்ணிக்கையால் நாம் அறிவது ஆசிரியன் கைவண்மையேயன்றிப் பாத்திரத்தின் அறிவன்று. நூலுள் நின்று நாம் காணக்கூடியது வேறு. அறிவு எவ்வாறு தொழிற்படுகிறது, பிறர் சொல்லை எவ்வாறு ஏற்கிறது, பிழை நேர்ந்தவிடத்து என் செய்கிறது என்பனவற்றை நிகழ்ச்சிகளின் வழியே காணலாம். இக்கட்டுரை அவ்வழியே செல்கின்றது.

டூம் முதன்முதல் தோன்றுவது 1962 சூலைத் திங்களைத் தாங்கிய ஐந்தாம் இதழில். சூசனைப் பிணையாக வைத்துக்கொண்டு, ஏனை மூவரையும் தான் இயற்றிய காலப்பொறியில் ஏற்றிப் பண்டைக் காலத்திற்குச் செலுத்துகின்றான். பிளாக்பியர்ட் என்னும் கடற்கொள்ளையனின் கருவூலப் பேழையைக் கொணருமாறு பணிக்கின்றான். அதனுள் மெர்லினுக்குரிய மந்திர மணிகள் உள்ளமையே காரணம். ரிச்சர்ட்ஸ் பேழையைக் கொணர்கின்றான்; ஆயின் மணிகளை நீக்கிவிட்டு இரும்புச் சங்கிலிகளை உள்ளே நிரப்பிக் கொணர்கின்றான். கேட்டது பேழை, தந்ததும் பேழை. இங்குக் காலத்தைக் கடக்கும் பொறி டூமுடையது. பொறியியல் மேம்பாடு முழுதும் அவன் பக்கமே. ரிச்சர்ட்ஸ் வென்றது பகைவன் சொல்லை எழுத்தெண்ணிப் படித்தமையால். 1967-ஆம் ஆண்டில் டூம் ‘சில்வர் சர்ஃபர்’ என்பானின் பேராற்றலைக் கவர்ந்த கதையிலும் இஃதே நிகழ்கின்றது. அவ்வாற்றலுடையோன் நிலவுலகை விட்டு நீங்கலாகாதவாறு கலாக்டஸ் இட்ட தடை ஒன்றுண்டு. டூம் அதனை அறியான், ரிச்சர்ட்ஸ் அறிவான். பறக்கும் கருவி ஒன்றை ஏவி, சினங்கொண்டு அதனைத் துரத்திய டூமை அத்தடையில் மோதச் செய்கின்றான். இரண்டிடத்தும் அவன் கணக்கிட்டது விசையை அன்று, டூமின் இயல்பை.

இவ்வியல்பு எங்ஙனம் அமைந்தது என்பதற்கு விடை 1964-இல் வந்த இரண்டாம் ஆண்டு மலரில் உள்ளது. ஐந்தாம் இதழிலேயே டூமின் முற்கதை சிறிது கூறப்பட்டுள்ளது: ரிச்சர்ட்ஸோடு ஒரே கல்லூரியிற் பயின்றவன், விலக்கப்பட்ட சோதனைகளில் ஈடுபட்டவன், வெடிப்பில் முகம் சிதைந்தவன், கல்லூரியினின்றும் நீக்கப்பட்டவன் என்ற அளவே. ஆண்டு மலர் இதனை விரிக்கின்றது. டூம் ஒரு பொறி அமைக்கின்றான். அவன் கணக்கில் ஒரு பிழை இருப்பதை ரிச்சர்ட்ஸ் கண்டு எடுத்துக் கூறுகின்றான். டூம் செவிகொள்ளவில்லை, பொறி வெடித்தது. பின்னர்த் திபெத்தில் துறவிகளிடையே வாழ்ந்து, அவர்களைக் கொண்டு முகமூடி வார்ப்பித்து, அது முற்றும் ஆறுமுன்னரே முகத்தில் அணிந்துகொண்டான். இவ்விரிவில் புதிதாகச் சேர்ந்த எச்சரிக்கை நிகழ்ச்சி சிறியதேயாயினும் கதையின் அடித்தளமே அதனால் மாறிவிட்டது. முதல் வடிவில் டூம் தீயூழால் வீழ்ந்தவன். இரண்டாம் வடிவில் திருத்தத்தை மறுத்தமையால் வீழ்ந்தவன். மேலும், திருத்தியவனையே வெடிப்புக்குக் காரணமாக்கி வாழ்நாள் முழுதும் பகை பேணுகின்றான். ஆறாத முகமூடியை அணிந்த செயலும் ஈண்டு நோக்கத்தக்கது. பொறுத்திருந்து சரிபார்த்தல் என்பது அவ்வறிவுக்கு இயலாதது என்பதனைச் சொல்லாமல் படமாகவே காட்டியுள்ளனர்.

இதுகாறும் கூறியதைக் கொண்டு ரிச்சர்ட்ஸே மேலானவன் என்று முடிவுகட்டுவோர் முதல் இதழை மீண்டும் புரட்டல் வேண்டும். வானூர்தியைச் செலுத்தவேண்டிய பென் கிரிம் விண்கதிர்களால் நேரக்கூடிய கேட்டைப் புறப்படுமுன்னரே எடுத்துரைக்கின்றான். ரிச்சர்ட்ஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. இசைவும் பெறாது, போதிய காப்பும் இன்றிப் புறப்படுகின்றனர். கதிர்கள் தாக்குகின்றன; பென் கல்லுருவாகின்றான். ஆக, எச்சரிக்கையைப் புறக்கணித்தல் என்ற ஒரே பிழை இருவர் வாழ்விலும் தொடக்கமாக நிற்கின்றது. ஆண்டு மலரில் டூமின் பிழையை வரைந்தபோது, மூன்றாண்டுகட்கு முன் தாம் வரைந்த முதலிதழை ஆசிரியர்கள் நினைந்தே வரைந்தனரோ, அன்றி எதிர்பாராது அமைந்ததோ, எவ்வாறாயினும் ஒப்புமை நூலில் உள்ளது. அதனை விடுத்து அறிவை எடைபோடுதல் பொருந்தாது. பிழைபுரிந்தமையில் வேறுபாடு இல்லை. பிழைக்குப் பின்னரே இருவரும் பிரிகின்றனர். டூமின் பிழை அவன் முகத்தில் இருந்தது. அதனை மூடி மறைத்தான். ரிச்சர்ட்ஸின் பிழை நண்பன் உடலில் இருந்தது. ஒவ்வொரு நாளும் எதிரில் வந்து நின்றது. பென்னுக்குப் பழைய உருவை மீட்டுத் தர அவன் செய்த சோதனைகள் தொடரெங்கும் நிகழ்கின்றன, தோற்கின்றன, மீண்டும் நிகழ்கின்றன.

டூமின் பக்கத்திற்கும் உரிய நடுவுநிலை வேண்டும். ஆலிசியா மாஸ்டர்ஸின் குருட்டுக்கு மருந்து தேடி ரிச்சர்ட்ஸ் பண்டை எகிப்துக்குச் செல்வது, 1963-இல் வந்த 19-ஆம் இதழில், டூம் விட்டுச்சென்ற காலப்பொறியைக் கொண்டே. 2002-இல் வந்த கதையில் சூசனின் பேறுகாலத்தில் தாயையும் சேயையும் காத்தவன் டூம். காத்தமைக்கு விலையாக மகவுக்கு வலேரியா என்னும் பெயரைத் தானே இட்டான். ரிச்சர்ட்ஸின் மனையிலேயே அவனால் இயலாததைப் பகைவன் செய்தான் என்பது சிறு செய்தியன்று. இன்னும் வலிய சான்று, ரோஜர் ஸ்டெர்ன் எழுதி 1989-இல் வெளிவந்த ‘ட்ரையம்ஃப் அண்ட் டார்மெண்ட்’. அதில் டூம், டாக்டர் ஸ்ட்ரேஞ்சோடு நரகம் புகுந்து, மெஃபிஸ்டோவிடம் சிறைப்பட்ட தாயின் உயிரை மீட்கின்றான். துணை வந்தவனை விலையாகக் கொடுக்க முன்வந்ததைக் கண்டு தாய் மகனை வெறுத்து மறுக்க, அம்மறுப்பே அவளை விடுவிக்கின்றது. தாயின் வெறுப்பையும் கணக்கில் வைத்தே டூம் திட்டமிட்டான் என்பதைப் பின்னர் ஸ்ட்ரேஞ்ச் உணர்கின்றான். இத்துணை நுண்ணிய திட்டம் ரிச்சர்ட்ஸ் கதைகளில் அரிது. எனினும் இங்கும் டூம் தனித்தே எண்ணுகின்றான். எவரையும் கலந்து எண்ணவில்லை.

மார்க் வெய்ட் எழுதி மைக் வீரிங்கோ வரைந்து 2003-இல் வெளிவந்த ‘அன்திங்கபிள்’ என்னும் கதை இவ்வினாவை நேர்நின்று எழுப்புகின்றது. அறிவியலால் வெல்ல இயலாதெனக் கண்ட டூம், முன்னாளில் தான் காதலித்த வலேரியாவைப் பலியிட்டு மந்திர ஆற்றல் பெறுகின்றான். ரிச்சர்ட்ஸை மந்திர நூல்கள் நிறைந்த நூலகம் ஒன்றில் அடைக்கின்றான். அஃது ஓர் இகழ்ச்சிச் சிறை. உலகில் மிக்க அறிவினன் எனப்படுவான் அந்நூல்களுள் ஒன்றையும் விளங்கிக்கொள்ள இயலாது தவிக்கவேண்டும் என்பதே டூமின் நோக்கம். ரிச்சர்ட்ஸும் தவிக்கின்றான், தனக்கு இது விளங்கவில்லை என ஒப்புக்கொண்ட பின்னரே மந்திரம் அவனுக்குக் கைகூடுகின்றது. அறியாமையை ஒப்புதலையே திறவுகோலாக்கியமை ஆசிரியரின் கூர்மையைக் காட்டும். டூம் அமைத்த சிறையின் பூட்டு, டூமால் ஒருபோதும் சொல்லவியலாத ஒரு சொல்லால் திறப்பது. அச்சொல்லைப் பகைவனும் சொல்லமாட்டான் என்று அவன் எண்ணினான். தன்னை அளந்த கோலால் பிறனையும் அளந்தான். ஈண்டே அவன் தோல்வி உள்ளது.

ஆயினும் இவ்வேறுபாடு பிறவியால் அமைந்ததன்று. 2006–07-இல் வந்த ‘சிவில் வார்’ கதையில் ரிச்சர்ட்ஸ் தன் கணிதத்தை நம்பி அரசின் பக்கம் நின்று, உடன் உழைத்தோரை அடைக்கச் சிறை வகுக்கின்றான். தோர் என்னும் வீரனின் போலியைப் படைப்பதில் பங்குகொள்கின்றான். அப்போலியால் ஓர் உயிர் போகின்றது. சூசன் அவனை விட்டு நீங்குகின்றாள். 2009-இல் ஜோனதன் ஹிக்மன் எழுதிய கதையில், பல உலகங்களிலிருந்து வந்த ரிச்சர்ட்ஸுகள் ஓர் அவையாகக் கூடியிருக்கின்றனர். அனைத்தையும் தீர்ப்பதே அவர்தம் நோக்கம். தத்தம் உலகத்து டூம்களைப் பிடித்து மூளையைச் சிதைத்து வைத்துள்ளனர். அவர்கள் மனைவி மக்களைத் துறந்தவர்கள். நம் ரிச்சர்ட்ஸ் அவையை விட்டு வீடு திரும்புகின்றான். மனைவியும் மக்களும் நண்பனும் இல்லாத ரிச்சர்ட்ஸ் டூமினின்றும் வேறல்லன் என்பதே ஹிக்மன் கருத்துப்போலும்.

அவரே எழுதி எசாட் ரிபிச் வரைந்து 2015-இல் தொடங்கி 2016 தொடக்கத்தில் முற்றுப்பெற்ற ‘சீக்ரெட் வார்ஸ்’ இவ்வழக்கை அதன் எல்லைவரை கொண்டு செல்கின்றது. உலகங்கள் யாவும் அழிந்தபோது டூம் எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து ஓர் உலகமாக்கிக் கடவுளாக வீற்றிருக்கின்றான். ஜானியைக் கதிரவனாகவும் பென்னை மதிலாகவும் அமைத்தான். சூசன் அவன் மனைவி. ரிச்சர்ட்ஸின் மக்கள் அவன் மக்கள். அனைத்தையும் மாற்றியவன் தன் முகத்தை மட்டும் மாற்றவில்லை. இறுதியில் இருவரும் ‘மாலிக்யூல் மேன்’ முன்னிலையில் மோதும்போது, அவ்வாற்றல் ரிச்சர்ட்ஸிடம் இருந்திருந்தால் இதனினும் நன்றாகச் செய்திருப்பான் என்று டூமே ஒப்புக்கொள்கின்றான். அன்திங்கபிள் சிறையைத் திறந்த சொல், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், சிறையமைத்தவன் வாயிலிருந்து வருகின்றது. தொடர் முழுதும் நோக்க, டூமின் அறிவு உயர்ந்த இடம் இதுவே என்பேன். ஆற்றலெல்லாம் கைவிட்டுப் போகும் கணத்தில் அவன் கணக்கு முதன்முறையாகச் சரியாகின்றது.

ஆற்றல் பெற்ற ரிச்சர்ட்ஸ் உலகங்களை மீண்டும் படைக்கின்றான்; டூமின் முகத்தையும் ஆற்றிவிடுகின்றான். லாட்வீரியாவில் டூம் முகமூடியைக் கழற்றித் தன் முகம் வடுவின்றி இருப்பதைக் கண்டு நகைக்கின்றான். ரிச்சர்ட்ஸ் அவன் முன் வந்து நன்றி கேட்கவில்லை. அதன்பின் டூம் நல்வழியில் நடக்க முயலும் தொடர் ஒன்றும் 2016-இல் தொடங்கிற்று. ஆயினும் இரும்பு முகமில்லாத டூமை வணிகம் நெடுநாள் பொறுக்கவில்லை. பின்வந்த ஆசிரியர்கள் அம்முகத்தை மீண்டும் சிதைத்து, முகமூடியைத் திரும்பப் பூட்டினர்.