பிராக்கு: ஒரு வழக்கின் சமூகப் பொருள்

குறிகட்டுவான் துறையில் வேடிக்கை பார்த்து நின்று நெடுந்தீவுப் படகைத் தவறவிட்டவனைப் 'பிராக்குப் பார்த்தவன்' என்பது யாழ்ப்பாண வழக்கு. பராக்கு என்பதன் திரிபே பிராக்கு. 'அப்பால் திரும்பிய' எனப் பொருள்படும் வடசொல்லை அதன் மூலமாகக் கொள்வர். ஆயின் அரசன் வருகையில் கட்டியக்காரன் கூவியதும் 'பராக்கு' என்பதே. அங்கு அது 'கவனி' என்னும் ஏவல். ஒரே சொல் கவனத்தையும் கவனயீனத்தையும் குறித்தமை தற்செயலன்று என்பது நமது கருத்து. கண் எங்கு நிற்கவேண்டுமென விதித்தவர் இரண்டிடத்தும் மேலிருப்போரே. வேலை கொள்பவர் கூலியாளைப் 'பிராக்குப் பாராதே' என அதட்டுவார். கூலியாள் அவரை அவ்வாறு கூற நாம் கேட்டதில்லை. எனினும், தாய் குழந்தைக்குப் 'பிராக்குக் காட்டி'ச் சோறூட்டும் வழக்கில் அதிகாரமும் இல்லை, வசையும் இல்லை. இதனை நமது விளக்கத்துள் வலிந்து அடக்குதல் முறையன்று.