குற்றம் பரம்பரையில் வருமா?

1872 பிப்ரவரி 8 மாலை, அந்தமானில் போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையில் ஹோப்டவுன் படகுத்துறையில் வைஸ்ராய் மேயோ பிரபு கத்திக்குத்துப்பட்டு இறந்தார். குத்தியவர் ஷேர் அலி அஃப்ரீடி என்ற ஆயுள் கைதி. முன்பு பஞ்சாபில் ஆங்கிலேயரிடமே காவல் பணி பார்த்தவர். தீவில் நன்னடத்தை காட்டியதால் முடிதிருத்தும் வேலை கொடுத்து, ஓரளவு நடமாடவும் விட்டிருந்தார்கள். கைதிகளின் கழுத்தில் எண்ணும் தண்டனைப் பிரிவும் பொறித்த வில்லையை மாட்டி, ஆளைத் தரம் பிரிப்பதையே அன்றாட வேலையாக வைத்திருந்த நிர்வாகம் அது. அதன் கணிப்பு பொய்த்த இடத்தில் ஒரு வைஸ்ராயின் உயிர் போனது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1876இல், குற்றவாளி பிறப்பிலேயே அப்படி அமைந்தவன் என்றும், மண்டையோட்டிலும் தாடையிலும் அதற்கு அடையாளம் உண்டு என்றும் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ நூல் எழுதினார். இந்திய அரசுக்கு அந்த அளவுகோல்கூடத் தேவைப்படவில்லை. 1871இலேயே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. இன்ன குலத்தில் பிறந்தால் போதும், பதிவேட்டில் பெயர் ஏறும். சென்னை மாகாணத்துக்கு அது 1911இல் வந்தபோது மக்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குற்றவாளிகளுக்கென்று தனி உடலமைப்பு எதுவும் இல்லை என்று சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் 1913இலேயே, ஏறத்தாழ மூவாயிரம் ஆங்கிலேயக் கைதிகளை அளந்து காட்டியிருந்தார்.

இதனால் குற்றவாளியை ஊகித்தறியும் முயற்சியையே வீண் என்று தள்ளிவிட முடியாது. 1980களில் லண்டன் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த பாலியல் தாக்குதல்களையும் கொலைகளையும் உளவியலாளர் டேவிட் கான்டர் ஆராய்ந்தார். அவர் பார்த்தது ஆளின் ரத்தத்தை அல்ல. சம்பவங்கள் எங்கே, எந்த வரிசையில் நடந்தன, ஆள் எவ்விதம் பேசினான் என்பதை. ஆரம்பகாலச் சம்பவ இடங்களை வைத்து வசிப்பிடத்தைக் கணித்தார். மணவாழ்வில் சிக்கல் இருக்கும் என்றார். சுமார் இரண்டாயிரம் பேர் கொண்ட பட்டியலில் வெகு கீழே கிடந்த ஜான் டஃபி மேலே வந்தான், பிடிபட்டான்.

அதே முறை 1992இல் விம்பிள்டன் பூங்காக் கொலையில் பெரும் அநீதியாயிற்று. குற்றவாளியின் குணநலனை ஊகித்து வரைந்த சித்திரத்துக்குப் பொருந்துகிறான் என்று ஒருவனைக் குறிவைத்து, பெண் போலீஸைப் பழகவிட்டு வாக்குமூலம் பெறப் பார்த்தார்கள். 1994இல் நீதிபதி வழக்கைத் தூக்கி எறிந்தார். உண்மைக் கொலையாளியோ இடைப்பட்ட காலத்தில் ஒரு தாயையும் அவள் சிறுமகளையும் கொன்றிருந்தான். தேட உதவும் சித்திரத்தைச் சாட்சியாக எடுத்துக்கொண்டதன் விலை அது.

மரபணு வாதமும் இப்படித்தான் வழி தவறுகிறது. 1993இல் டச்சுக் குடும்பம் ஒன்றில் எம்.ஏ.ஓ.ஏ. மரபணுக் கோளாறுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரிந்தது. நல்ல ஆய்வுதான்; ஆனால் மிக அரிதான கோளாறு. அதே மரபணுவின் மந்தமான வகை எத்தனையோ கோடி ஆண்களிடம் உண்டு, அவர்கள் கொலை செய்வதில்லை. அப்படியிருந்தும் 2009இல் இத்தாலிய நீதிமன்றம் ஒன்று அதைச் சுட்டி ஒரு கொலையாளிக்கு ஓராண்டு தண்டனையைக் குறைத்தது. நாளை இன்னொரு நீதிபதி அதையே காட்டித் தண்டனையைக் கூட்டலாம்.

பரம்பரை வாதத்துக்கு என் பதில் அந்தமானில் இருக்கிறது. 1858 முதல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய தீவு. 1920களில் குற்றப் பரம்பரை என்று முத்திரையிட்ட பாந்துக்களையும் குடும்பத்தோடு கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருந்த கைதிக்கு நிலம், திருமணம், சொந்தப் பிழைப்பு என்று வழிவிட்டதும் அதே அரசுதான். ரத்தத்தில்தான் குற்றம் என்றால் அந்தச் சலுகைக்குப் பொருளே இல்லை. அவர்களின் வழிவந்த ‘லோக்கல் பார்ன்’ மக்கள் இன்று மின்னி பே உள்ளிட்ட போர்ட் பிளேயர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) பகுதிகளில் தமிழரோடும் வங்காளியரோடும் அண்டை அயலாராக வாழ்கிறார்கள். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் வேலை செய்கிறார்கள்.

1952இல் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடெங்கும் ஒழிந்தாலும், அதன் இடத்தில் வந்த வழக்கக் குற்றவாளிச் சட்டங்கள் பல மாநிலங்களில் நீடிக்கின்றன. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டமோ கருவிழிப் படம், உயிரியல் மாதிரி, நடத்தைக் கூறுகள் வரை திரட்டி 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது. நடந்த குற்றத்தின் தடயத்தோடு ஒப்பிட மட்டுமே இவை பயன்பட வேண்டும். யார் குற்றம் செய்வார் என்று முன்கூட்டிக் கணிக்கக் கூடாது. இந்த வரம்பைச் சட்டத்திலேயே எழுதும்படி நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்போம்.