கண்ணீரும் கோரிக்கையும்

தோட்டத் தொழிலாளரைப் பாடாத கவிஞர் நம்மிடையே அரியர். அவர்தம் வாழ்வைக் கதையாக்காத எழுத்தாளரும் அரியர். விடியற்காலைப் பிரட்டும், பால்மரமும், லயத்து வீடும், கங்காணியின் அதட்டலும், கள்ளுக்கடையால் விளைந்த கேடும் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. இவை யாவும் உண்மையே. ஆயினும், இக்கதைகளை ஒருசேர வைத்துப் படிக்கும் மாணவன் இறுதியில் என்ன கருத்துக் கொள்வான்? நம் முன்னோர் துன்புற்றனர், அழுதனர், மடிந்தனர் என்றே கொள்வான். அவர்கள் கூடினர், கேட்டனர், பணிய மறுத்தனர் என்னும் செய்தி அவனுக்கு எட்டுவது அரிது.

இக்குறையை ஆராய்வதற்கு இங்குக் கதையையோ கவிதையையோ முதன்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. 1941ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும். இலக்கியம் படைக்கும் நோக்கில் அஃது எழுதப்பட்டதன்று. எனினும், உணர்ச்சி, கற்பனை, வடிவம், கருத்து என இலக்கியத்திற்கு நாம் கூறும் நான்கு கூறுகளைக் கொண்டு அதனை நோக்கின், நம் தோட்ட இலக்கியம் எதனை விட்டுவிட்டது என்பது தெளிவாகும்.

பட்டியல் பிறந்த சூழல்

1937ஆம் ஆண்டில் காஜாங் வட்டாரச் சீனப் பால்மரத் தொழிலாளரும், பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதே ஆண்டில் நேரு மலாயாவிற்கு வருகை புரிந்தார். தோட்டங்களுக்கு உதவிச் செலவில் கூலியாட்களை அனுப்பும் முறையை 1938இல் இந்திய அரசு தடுத்தது. 1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டபின் ரப்பரின் தேவை பெருகிற்று. உரிமையாளர்தம் ஊதியம் உயர்ந்தது. உழைப்பவன் வாங்கும் பண்டங்களின் விலையும் ஏறியது. இந்தியத் தொழிலாளியின் நாட்கூலியோ ஐம்பது காசளவிலேயே நின்றது. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளி அதனினும் மிகுதியாகப் பெற்றார்.

இந்நிலையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளரிடையே வேரூன்றியது. 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராகப் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் அதன் முன்னணியில் நின்றார். 1941ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வேலைநிறுத்தங்கள் தோட்டந்தோட்டமாகப் பரவின. மே மாதம் 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். தலைவரைப் பிடித்தால் கூட்டம் கலையும் என்று எண்ணியவர் ஏமாந்தனர். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் முன்னினும் விரிந்தது. மே 16இல் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. அப்படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர் என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர், பலர் சிறைப்பட்டனர், பலர் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியப் படையெடுப்பு நிகழவே, இப்போராட்டத்தின் நினைவு பெரும்போரின் நினைவுக்கு அடியில் புதைந்துபோயிற்று.

வடிவம்

பதிவுகளின் வழி நமக்குக் கிடைக்கும் பட்டியலில் பன்னிரண்டு கோரிக்கைகள் காணப்படுகின்றன. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலை ஒழிய வேண்டும். கொடுமை புரியும் தோட்ட அலுவலரை நீக்கித் தமிழறிந்தோரை அமர்த்த வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் நோயுற்றோர்க்குத் தக்க மருத்துவமும் வேண்டும். பெண்டிரிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிரில் வரினும் மிதிவண்டியினின்று இறங்காமல் செல்ல இசைவு வேண்டும். குறை சொல்பவரைப் பழிவாங்கலாகாது. சங்கம் அமைக்க இடந்தர வேண்டும். இவையே அவற்றின் சாரம்.

இதில் வருணனை இல்லை, புலம்பலும் இல்லை. ஆயினும் இதனைப் படிப்பவர் மனத்தில் அக்காலத் தோட்டம் முழுமையாக எழுகின்றது. மிதிவண்டியினின்று இறங்க வேண்டிய சாலை, உறவினரை நிறுத்தும் வாயில், தன் குறையைச் சொன்னால் அச்சொல் விளங்காத அதிகாரி, இரவில் திறந்திருக்கும் கள்ளுக்கடை ஆகிய அனைத்தும் காட்சியாகின்றன. பக்கம் பக்கமாக வருணிக்கும் கதைகள் சில தராத தெளிவை இச்சுருக்கம் தருகின்றது. எதனைச் சொல்ல வேண்டும் என்பதை அறிந்து அதனை மட்டுமே சொல்வதால் விளைந்த தெளிவு இது.

உணர்ச்சி

பட்டியலில் கூலியும் மதிப்பும் ஒருங்கே வைக்கப்பட்டிருப்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். வயிற்றுக்கு முதலில் கேட்டுவிட்டு மானத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் கருதவில்லை. மிதிவண்டியில் அமர்ந்தே செல்லும் உரிமையால் ஒரு காசும் கூடுவதில்லை. முதலாளிக்கு ஒரு காசும் குறைவதில்லை. இருந்தும் அதனைக் கேட்டனர். இறங்கி நிற்கும் ஒவ்வொரு முறையும், 'நீ தாழ்ந்த இனத்தவன்' என்னும் பாடம் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அவர்தம் பிள்ளைகளும் அதனைப் பார்த்துக் கற்றனர். அப்பாடத்தை மறுப்பதே அக்கோரிக்கையின் உட்பொருள்.

வேறொரு நாட்டிலும் இதே உணர்ச்சி எழுந்ததை இங்கு ஒப்பிடலாம். 1968ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் மெம்பிசு நகரில், குப்பை வண்டியின் அழுத்தும் பொறியில் சிக்கித் தொழிலாளர் இருவர் மாண்டனர். அதன்பின் துப்புரவுத் தொழிலாளர் ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். கூலி உயர்வும் சங்க உரிமையும் கோரியவர்கள், தாமும் மனிதரே என்னும் பொருள்பட எழுதிய அட்டைகளைத் தாங்கி வீதியில் நடந்தனர். அவர்களுக்குத் துணைநிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் அந்நகரிலேயே ஏப்ரல் 4ஆம் நாள் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16இல் உடன்பாடு ஏற்பட்டுச் சங்கம் ஏற்கப்பட்டது. கிள்ளான் தொழிலாளியை மெம்பிசுத் தொழிலாளி அறிந்திருக்க வேண்டுவதில்லை. கூலியையும் நிறத்தையும் ஒருசேரக் கொண்டு மனிதனைத் தாழ்த்தும் ஏற்பாடு எங்கிருப்பினும், அதற்கெழும் விடையும் இரண்டையும் ஒருசேரக் கேட்பதாகவே அமையும்.

கற்பனை

கோரிக்கைப் பட்டியலில் கற்பனைக்கு என்ன இடம் என்று மாணவர் வினவக்கூடும். இல்லாத ஒன்றை உள்ளத்தில் கண்டு அதனைச் சொல்லால் நிறுவுவதே கற்பனை எனின், இப்பட்டியலில் அது நிறைந்துள்ளது. தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலே வளர்ந்தவன், தன் பிள்ளை முறையான கல்வி பெறுவதை உள்ளத்தில் காண்கின்றான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டும். பெயரளவில் பள்ளிகள் பல இருந்தன. கற்பிக்கப் பயிற்சி பெற்றவர் அரியராயினர். ஆகவேதான் அவர்கள் 'பள்ளி' என்று மட்டும் கேளாமல் 'முறையான கல்வி' என்று கேட்டனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியராகிய நாம் அனைவரும் இவ்வேறுபாட்டைச் சிந்தித்தல் வேண்டும். நம் பணிக்கு வேண்டுகோள் விடுத்தவர்களுள் எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாத தொழிலாளரும் அடங்குவர்.

கள்ளுக்கடையை மூடுமாறு கேட்டது மற்றொரு சான்று. தம்மிடையே உள்ள தீமையைத் தாமே கண்டு, அதனை வளர்த்து வாழும் அமைப்பையும் சுட்டுகின்றனர். நம் கதைகளில் குடிகாரத் தந்தையர் பலர் உளர். கடையை மூடச் சொல்லும் தந்தையர் சிலரே. வரலாற்றிலோ அவர்கள் பலராக இருந்தனர். போர் முடிந்தபின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தமை இக்கோரிக்கை அழியவில்லை என்பதற்குச் சான்றாகும்.

கருத்து

சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி என்பதைச் சிலர் இனப்போட்டியாகக் கொள்ளக்கூடும். ஆழ்ந்து நோக்கின் அது போட்டியை ஒழிக்கும் கோரிக்கை என்பது புலப்படும். ஓரினத்தாரின் உழைப்பை மலிவாக வைத்திருந்தால், மற்றோரினத்தார் கூலி உயர்வு கேட்கும்போது அதனைக் காட்டி அவர்களை அடக்கலாம். இருவர் கூலியும் ஒன்றாகிவிட்டால் அக்கருவி முதலாளியின் கையினின்று நழுவிவிடும். இனநீதியும் தொழிலாளர் உரிமையும் வெவ்வேறல்ல என்னும் கருத்து இவ்வொரு வரியில் அடங்கியுள்ளது.

பட்டியலின் குறைகளையும் சொல்வதே நடுநிலைத் திறனாய்வாகும். அக்காலத் தோட்டங்களில் பெண்டிர் ஆடவரோடு ஒப்ப உழைத்தும் குறைந்த கூலியே பெற்றனர். இனத்திற்கும் இனத்திற்கும் சமகூலி கேட்ட பட்டியல், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கேட்கவில்லை. பெண் அதில் காக்கப்பட வேண்டியவளாக வருகின்றாளேயன்றிக் கோருபவளாக வரவில்லை.

பாரதியும் குந்தியும்

இக்குறை பட்டியலுக்கு மட்டும் உரியதன்று. நம் இலக்கிய மரபிலும் இஃது உண்டு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற பெண்களைப் பற்றிப் பாரதி பாடிய பாட்டை அறியாத தமிழாசிரியர் இலர். கடல்கடந்த நாட்டில், தாம் காணாத, பெரும்பாலும் தம் மொழியும் பேசாத பெண்களுக்காகத் தமிழ்க் கவிஞர் ஒருவர் உருகினார். உலகளாவிய தோழமை என்பதற்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேட வேண்டுவதில்லை. ஆயினும் அப்பாட்டில் நாம் கேட்பது பெரிதும் அழுகுரலே.

அதே தீவில் குந்தி என்னும் பெண் இருந்தாள். வெள்ளைக் கண்காணிப்பாளன் ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்ய முயன்றபோது, ஆற்றில் குதித்துத் தப்பினாள். அத்தோடு அவள் அமைதியாகிவிடவில்லை. தனக்கு நேர்ந்ததைத் தெரிவித்தாள். அவளது கூற்று கல்கத்தாவின் 'பாரத மித்ரா' என்னும் இந்தி இதழில் வெளிவந்தது. இந்தியாவில் எழுந்த சினத்திற்கு அது பெருந்துணையாயிற்று. ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள்சேர்ப்பது 1917இல் நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு நீக்கப்பட்டன. பாரதியின் பாட்டு நம் நெஞ்சைத் திறந்தது. குந்தியின் சொல் அரசினரை விடை சொல்ல வைத்தது. இரண்டையும் கற்பிக்கும்போதே பாடம் நிறைவுறும். பாட்டை மட்டும் கற்பித்தால், ஒடுக்கப்பட்டோர் பிறர் இரக்கத்திற்காகக் காத்திருப்போர் என்னும் தவறான எண்ணம் மாணவர் உள்ளத்தில் தங்கிவிடும்.

இன்றைய தேவை

இதனை வரலாற்று ஆர்வத்திற்காக மட்டும் கூறவில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பால்மரம் இருந்த இடங்களில் செம்பனையும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. நம் மக்களுள் பெரும்பாலோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஆனால் நாம் விட்டுவந்த இடம் வெற்றிடமாக இல்லை. இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளினின்று வந்தோர் அங்கு உழைக்கின்றனர். பிறருடைய கடப்பிதழைப் பறித்துவைப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயினும், அக்குறைபாடு எழுந்துகொண்டே இருந்துள்ளது. 2020ஆம் ஆண்டில் மலேசியப் பெருந்தோட்ட நிறுவனங்கள் இரண்டின் செம்பனை எண்ணெய்க்கு, கட்டாய உழைப்பு என்னும் ஐயத்தின்பேரில், அமெரிக்கச் சுங்கத்துறை தடைவிதித்த செய்தியை நாம் நாளேடுகளில் படித்தோம். அப்போது நம்மில் எத்தனைபேர் அதனை நம் தாத்தாவின் கதை என்று உணர்ந்தோம்?

பாரதி பாட்டுக்குக் கண்ணீர் விடும் மாணவன், தன் வீட்டருகே கட்டடம் எழுப்பும் வங்காளதேசத் தொழிலாளியை இழிவாகப் பேசுவானாயின், அவன் அப்பாட்டைப் படித்தும் படியாதவனே. நம் துன்பத்தை நமக்கு மட்டும் உரிய சொத்தாகக் கற்பித்தோமாயின் அக்குற்றம் அவனுடையதன்று, கற்பித்த நம்முடையது. கிள்ளான் பட்டியலில் உள்ள கோரிக்கைகளுள் பெரும்பாலானவற்றை இன்று யார் வாயில் வைத்தாலும் பொருந்தும் என்பதை மாணவர் தாமே கண்டறியுமாறு செய்தல் வேண்டும். பாரதியின் பாட்டைப் பயிற்றும் நாளில் குந்தியின் வரலாற்றையும் கூறுக. கிள்ளான் கோரிக்கைகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் ஏன் கேட்கப்பட்டது என்று வினவுக. இன்று நம்மிடையே உழைக்கும் அயல்நாட்டார் ஒருவர் இத்தகைய பட்டியல் எழுதினால் அதில் எவை இடம்பெறும் என்று கட்டுரை வரையச் செய்க.

எழுத்தாளர்க்கும் ஒன்று கூறலாம். கண்ணீரை எழுதுவதில் நாம் கைதேர்ந்துவிட்டோம். அது வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆனால் 1941இல், எதிரே துரை வருவதைக் கண்டும் மிதிவண்டியினின்று இறங்காமல் செல்லத் துணிந்த தொழிலாளியின் நெஞ்சில் அக்கணத்தில் என்ன நிகழ்ந்தது? அவன் மனைவி அன்றிரவு அவனிடம் என்ன கேட்டாள்? தன் கூலி ஏன் அவன் கூலியினும் குறைவு என்று அவள் எண்ணினாளா? ஆவணங்கள் இதற்கு விடை தாரா. கதைதான் தர வேண்டும்.