ஏழைத் தெருவின் துப்பாக்கிகள்: ஹாலிவுட்டின் சிக்கனக் குற்றப் படங்கள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சன்செட் பூல்வார்டும் கோவர் தெருவும் சந்திக்கும் மூலைக்கு 1920-களில் ‘பாவர்ட்டி ரோ’ என்று பெயர் விழுந்தது. ஏழைத் தெரு என்று பொருள். பெரிய ஸ்டுடியோ கட்டப் பணமில்லாத சிறு கம்பெனிகள் அங்கே இடத்தை வாடகைக்குப் பிடித்துக் குதிரைச் சண்டைப் படங்களையும், கொலை, கொள்ளை, துரத்தல் கலந்த சாகசப் படங்களையும் எடுத்துத் தள்ளின. பின்னாளில் பெரும் நிறுவனமாக வளர்ந்த கொலம்பியாவும் அங்கே தொடங்கியதுதான். நாளடைவில் அந்தப் பெயர் தெருவை விட்டு நகர்ந்து, குறைந்த செலவில் படமெடுத்த கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராயிற்று.

இந்தப் படங்களின் வடிவத்தைத் தீர்மானித்தது வியாபார முறை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டத் தொடங்கின. முதல் படத்துக்கு வசூலில் பங்கு. இரண்டாவதாக ஓடும் ‘பி’ படத்துக்கு ஃபிக்ஸட் ஹயர். அரங்கம் நிரம்பி வழிந்தாலும் காலியாகக் கிடந்தாலும் ‘பி’ படம் எடுத்தவருக்கு வரும் பணம் ஒன்றே. சொந்த விநியோகக் கிளைகள் இல்லாத கம்பெனிகள் படத்தை ஏரியா ஏரியாவாக விற்றன. வரவு முன்கூட்டியே தெரிந்துவிட்டதால், லாபம் செலவைக் குறைப்பதில்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தை ஒட்டிய நீளம், ஒரு வாரம் பத்து நாள் படப்பிடிப்பு, பழைய செட், வேறு படத்திலிருந்து எடுத்த ஸ்டாக் ஷாட் எல்லாம் இந்தக் கணக்கில் பிறந்தவை. ஒரே கணக்குக்குள் நின்றும் கம்பெனிக்குக் கம்பெனி கைத்திறன் வேறுபட்டது. அந்த வேறுபாடுகளையே மரபின் பள்ளிகள் எனலாம்.

மூத்தது தொடர்பட மரபு. வாரம் ஓர் அத்தியாயம், ஆபத்தின் உச்சியில் நிறுத்தம், மிச்சம் அடுத்த வாரம். பேர்ல் ஒயிட் நடித்து 1914-இல் வந்த ‘தி பெரில்ஸ் ஆஃப் பாலின்’ உலகப் புகழ் பெற்றாலும், அது பாத்தே நிறுவனம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எடுத்தது. மேற்குக் கரையின் பங்கு கேலம் கம்பெனியின் ‘தி ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்’. 1914 முதல் 1917 வரை 119 அத்தியாயங்கள். ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் பெண்தான் நாயகி. ஹெலன் ஹோம்ஸும், அவருக்குப் பின் ஹெலன் கிப்சனும் ஓடும் ரயிலில் தாவினார்கள், கொள்ளையரைத் துரத்தினார்கள். ஆனால் இதில் ஒவ்வோர் அத்தியாயமும் தனிக் கதையாக முடியும். ஓடும் ரயிலும் துணிந்த ஒரு பெண்ணும் இருந்தால் செட்டே வேண்டாம் என்பதை இந்தத் தொடர் நிரூபித்தது. இந்தியாவுக்கும் வந்து ஓடிய அமெரிக்கத் தொடர்படங்களின் சாயலை 1935-இல் பம்பாயின் வாடியா சகோதரர்கள் நாடியாவை வைத்து எடுத்த ‘ஹண்டர்வாலி’யில் தெளிவாகக் காணலாம்.

பேசும்படக் காலத்தில் இந்த மரபைக் கையிலெடுத்தவர் நாட் லெவின். 1927-இல் அவர் தொடங்கிய மாஸ்காட் கம்பெனிக்குத் தொடர்படங்களே மூலதனம். 1932-இல் அது வெளியிட்ட ‘தி ஹரிக்கேன் எக்ஸ்பிரஸ்’ படத்தின் நாயகன், அப்போது பெரிதாகப் பெயர் பெறாத ஜான் வேய்ன். ரயில்களைக் கவிழ்க்கும் மர்ம மனிதன் பிறர் முகங்களை முகமூடியாக அணிந்து திரிவான். வில்லன் யார் என்பதைக் கடைசி அத்தியாயம்வரை மறைத்து, ஒவ்வொரு பாத்திரத்தின் மீதும் சந்தேகத்தை விழவைப்பது மாஸ்காட்டின் முத்திரை. வேகம் உண்டு, நேர்த்தி குறைவு. சண்டைக் காட்சிகளில் அடி எங்கே விழுகிறது என்பதே பல நேரம் புரியாது.

அந்தக் குறையைத் தீர்த்தது ரிபப்ளிக். ஹெர்பர்ட் யேட்ஸ் என்பவர் ஃபிலிம் கழுவும் லேபின் முதலாளி. சிறு கம்பெனிகள் பலவும் அவருக்குக் கடன்பட்டிருந்தன. 1935-இல் அவர் மாஸ்காட், மோனோகிராம் முதலியவற்றை ஒன்றாக இணைத்து ரிபப்ளிக் பிக்சர்ஸை உருவாக்கினார். தொடர்படத்தின் உச்சம் இங்கேதான் நிகழ்ந்தது என்று தயங்காமல் சொல்லலாம். காரணமானவர்கள் இயக்குநர்கள் வில்லியம் விட்னியும் ஜான் இங்லிஷும். பஸ்பி பெர்க்லி நடனக் காட்சியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒத்திகை பார்த்துப் படமாக்குவதை விட்னி ஒருமுறை நேரில் பார்த்தார். அதுவரை சண்டை என்றால் கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, எல்லோரையும் மொத்தமாக மோதவிட்டு எடுப்பதே வழக்கம். விட்னி அதை விட்டுவிட்டு ஒரு குத்து, ஒரு விழுதல், ஒரு நாற்காலி உடைதல் என்று தனித்தனி ஷாட்டாகப் பிரித்தார். ஸ்டண்ட் கலைஞர்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்தது. பார்ப்பவருக்கு ஒவ்வோர் அடியும் தெரிந்தது.

1939-இல் வந்த ‘டேர்டெவில்ஸ் ஆஃப் தி ரெட் சர்க்கிள்’ இந்தப் பள்ளியின் சிறந்த மாதிரி. முதல் அத்தியாயத்தின் முடிவில் கடலடிச் சுரங்கப்பாதை உடைந்து வெள்ளம் புகுகிறது. நாயகன் மோட்டார் சைக்கிளில் அதற்கு முன்னால் பறக்கிறான், பின்னால் தண்ணீர்ச் சுவர் துரத்துகிறது. அதைச் செய்தவர்கள் ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் சகோதரர்கள். அவர்களுடைய மினியேச்சர்கள் பொம்மை என்றே தோன்றாது. ஒளியும் அளவும் இயல்பாக அமைய, மாதிரிகளைப் பெரிதாகச் செய்து திறந்த வெளியில் வெயிலில் படமெடுப்பது அவர்கள் பழக்கம். ரிபப்ளிக்கைவிட அதிகம் செலவழித்த ஸ்டுடியோக்களின் மினியேச்சர்கள்கூடப் பல இவற்றின் அருகில் நிற்காது.

தொடர்படத்தின் தரத்துக்கு ரசிகர்கள் வைத்திருந்த அளவுகோல் நேர்மை. நாயகனோடு கார் பாறையிலிருந்து விழுவதைக் காட்டிவிட்டு, அடுத்த வாரம் அவன் முன்பே குதித்துவிட்டதாகப் புதிய ஷாட் ஒன்றை நுழைப்பது ஏமாற்று. காட்டிய ஆபத்திலிருந்தே வழி கண்டு அவனை மீட்பதுதான் திறமை. ரிபப்ளிக்கும் இதில் தவறியதுண்டு. செலவை மிச்சப்படுத்த, நடுவே ஓர் அத்தியாயத்தைப் பழைய காட்சிகளின் தொகுப்பாகவே ஓட்டிவிடுவதும் அங்கே வழக்கம்.

பெரிய ஸ்டுடியோக்களின் ‘பி’ பிரிவுகள் வேறு வகை. ஃபாக்ஸில் சால் வர்ட்ஸெல் பொறுப்பில் சார்லி சானும் மிஸ்டர் மோட்டோவும், ஆர்கேஓவில் செயின்ட்டும் ஃபால்கனும், கொலம்பியாவில் பாஸ்டன் பிளாக்கியும் என்று துப்பறியும் வரிசைகள் ஓடின. நல்ல செட், தேர்ந்த ஒளிப்பதிவு, பயின்ற துணை நடிகர்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் சீனத் துப்பறிவாளராகவும் ஜப்பானிய உளவாளியாகவும் வெள்ளையர்களையே முகம் மாற்றி நடிக்கவைத்தது இந்த வரிசைகளின் பெரும் களங்கம். வார்னர் ஓலண்ட், பீட்டர் லோரே ஆகியோரின் நடிப்பு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அந்தக் களங்கம் கழுவப்படாது. மோனோகிராமின் மிஸ்டர் வாங் வரிசையில் 1940-இல் கடைசிப் படத்துக்கு மட்டும் சீன வம்சாவளி நடிகர் கீ லூக் நாயகரானார். அத்தோடு வரிசையே நின்றுபோனது.

மோனோகிராம் ரிபப்ளிக்கிலிருந்து பிரிந்து 1937-இல் மீண்டும் தனியாக நின்றது. அதன் படங்களில் செட் சுவர்கள் ஆடும், வசனம் தடுமாறும். ஆயினும் அங்கிருந்துதான் 1945-இல் ‘டில்லிஞ்சர்’ வந்தது. கிங் சகோதரர்கள் தயாரித்து, மேக்ஸ் நோசெக் இயக்கி, லாரன்ஸ் டியர்னி நடித்த படம். அதில் வரும் ஒரு பெரிய கொள்ளைக் காட்சி ஃபிரிட்ஸ் லாங் 1937-இல் எடுத்த ‘யூ ஒன்லி லிவ் ஒன்ஸ்’ படத்திலிருந்து எடுத்துப் பொருத்தியது. இப்படி இரவல் வாங்கிய படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

எல்லாருக்கும் கீழே நின்றது பிஆர்சி. 1940-களில் அதைவிடக் கையிறுக்கமாகச் செலவழித்த கம்பெனியைத் தேடுவது கடினம். வியன்னாவிலும் பெர்லினிலும் தொழில் பழகி, யூனிவர்சலில் ‘தி பிளாக் கேட்’ எடுத்து, பின் பெரிய ஸ்டுடியோக்களின் வாசல் அடைபட்ட எட்கர் உல்மருக்கு அது புகலிடமாயிற்று. அங்கே அவர் 1945-இல் எடுத்த ‘டீடூர்’ இந்த மரபு முழுவதிலும் தலையாயது. நியூயார்க்கிலிருந்து ஹாலிவுட்டுக்கு வழியில் கார்களை நிறுத்தி ஏறிச் செல்லும் ஒரு பியானோக்காரன், செய்ய நினைக்காத இரண்டு மரணங்களில் சிக்குகிறான். படம் 68 நிமிடம். ஆறே நாளில் எடுத்ததாக உல்மர் சொல்லிவந்தார்; தயாரிப்பு ஆவணங்கள் அதைவிடக் கூடுதல் நாட்களைக் காட்டுகின்றன.

அதன் காட்சிகளைக் கூர்ந்து பார்த்தால் வறுமை எப்படிப் பாணியாக மாறியது என்பது விளங்கும். நியூயார்க் தெருவுக்குச் செட் போட முடியவில்லை. மூடுபனியைப் புகைத்து, அதில் காதலர்களை நடக்கவிட்டு, தெருப் பெயர்ப் பலகையை மட்டும் தெரியவைத்தார்கள். கிழக்கிலிருந்து மேற்கே போவது திரையில் வலமிருந்து இடமாகத் தெரிய வேண்டும் என்று சில ஷாட்டுகளின் நெகட்டிவைத் திருப்பிப் போட்டதால், அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம் வந்துவிட்டது. சாலையோர உணவு விடுதியில் பழைய பாட்டு ஒலிக்கும்போது சுற்றிலும் இருள் கவிந்து, பியானோக்காரனாக நடித்த டாம் நீலின் கண்கள் மீது மட்டும் ஒளி தங்குகிறது. பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம் தொலைபேசிக் கம்பி இறுகி அவனோடு பயணிக்கும் பெண்ணாக வரும் ஆன் சாவேஜின் பாத்திரம் இறந்தபின், கேமரா வெட்டாமல் அறையிலுள்ள ஒவ்வொரு பொருளாக நகர்கிறது. ஒன்று தெளிந்து மற்றது மங்குகிறது. விலையுயர்ந்த செட் எதுவும் அந்த மனநிலையை இதைவிடக் கூர்மையாகக் காட்டியிருக்காது.

1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு, பெரிய ஸ்டுடியோக்கள் படங்களை மொத்தமாகக் கட்டி அரங்குகளின் தலையில் ஏற்றும் வழக்கத்தை முடித்தது. அடுத்து வீடு வீடாகத் தொலைக்காட்சி வந்தது. இரண்டாவது படத்துக்கான தேவை சுருங்கியது. 1956-இல் கொலம்பியா வெளியிட்ட ‘பிளேசிங் தி ஓவர்லேண்ட் டிரெயில்’ ஹாலிவுட்டின் கடைசித் தொடர்படம்.

மதிப்பு பின்னால்தான் வந்தது. 1960-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான்-லுக் கொதார் தம் முதல் முழுநீளப் படமான ‘பிரெத்லெஸ்’ஸை மோனோகிராம் பிக்சர்ஸுக்குச் சமர்ப்பித்தார். 1992-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘டீடூர்’ இடம்பெற்றது. பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் தேய்ந்த பிரதிகளாகவே பல்லாண்டு சுற்றிவந்த அந்தப் படத்தை, அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் பெல்ஜியத்தில் காக்கப்பட்டிருந்த பிரதி ஒன்றின் துணையோடு 2018-இல் மீட்டெடுத்தன. இன்று பார்க்கக் கிடைப்பது அந்தத் தெளிவான பிரதி.