முத்திரைக்கு முன்னே தட்டு

பழைய பீங்கான் தட்டு ஒன்று கைக்குக் கிடைத்ததும் அதைச் சட்டென்று கவிழ்த்து, அடியிலுள்ள முத்திரையைப் பார்த்து, இன்னார் செய்தது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதே நிபுணத்துவம் என்று பலர் எண்ணுகிறார்கள். முத்திரை பேசும் என்பது உண்மைதான். ஆனால் பொய் சொல்லவும் அதற்குத் தெரியும். ஆகையால் அதைக் கடைசிச் சாட்சியாக அழைப்பதே முறை. உலகத்திலேயே அதிகமாகப் போலி செய்யப்பட்ட முத்திரைகளுள் ஒன்றைத் தாங்கிய, ஜெர்மனி நாட்டு மைஸன் தட்டை வைத்துக்கொண்டு இந்தப் பரீட்சையைப் பழகலாம்.

சீனத்துப் பீங்கானின்மீது தீராத மோகம் கொண்டிருந்த ஸாக்ஸனி அதிபதி அகஸ்டஸ், தங்கம் செய்யத் தெரியும் என்று சொல்லிக்கொண்ட போட்கர் என்ற இளம் ரசவாதியைக் காவலில் வைத்துப் பரிசோதனைகள் செய்யச் சொல்ல, அவர் சிர்ன்ஹவுஸ் என்னும் விஞ்ஞானியின் துணையோடு 1708-இல் கண்டது தங்கமன்று, வெண்பீங்கான். 1710-இல் மைஸன் நகரத்துக் கோட்டையில் தொழிற்சாலை தொடங்கிற்று.

முதலில் தட்டை விளக்குக்கு எதிரே பிடித்து, பின்புறம் விரல்களை வையுங்கள். வெண்களிமண்ணைக் கடுஞ்சூட்டில் சுட்டெடுத்த மைஸன் பீங்கானாயின் விரல்களின் நிழல் அதனூடே தெரியும். விளிம்பில் எங்காவது சில்லு பெயர்ந்திருந்தால் வருந்தாதீர்கள். உள்ளே இருக்கும் மண்ணை அதுவே காட்டிக்கொடுக்கும். பெயர்ந்த இடம் சொரசொரப்பின்றி, உடைந்த கண்ணாடியைப் போல வழுவழுப்பாக இருக்க வேண்டும்.

அடுத்தபடி, ஒளி பக்கவாட்டில் விழும்படி தட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஸாக்ஸனியின் மந்திரி பிரூல் பிரபுவுக்காக 1737 முதல் 1742 வரை மைஸன் சிற்பி கெண்ட்லர் உருவாக்கிய அன்னப்பறவைத் தட்டுகளை நேரே பார்த்தால் வெண்மையும், சிதறிய சில பூக்களும், விளிம்பில் குலச்சின்னமுமே கண்ணில் படும். சாய்ந்த ஒளியிலோ, சிப்பியின் வரிகளைப் போல விரிகின்ற பரப்பின்மேல், நாணற்புதருக்கு நடுவே நீந்தும் இரண்டு அன்னங்கள் மெல்லிய புடைப்புச் சித்திரமாக எழுந்து வரும். வர்ணத்தின் உதவியை நாடாமல் நிழலைக் கொண்டே சித்திரம் தீட்டிய அந்தக் கை எத்தகையது என்பதை உணர்ந்துகொண்டவர் பாதி நிர்ணயத்தைச் செய்து முடித்தவரே.

இனித் தட்டைக் கவிழ்க்கலாம். ஸாக்ஸனியின் அரசச் சின்னத்திலிருந்து எடுத்த குறுக்கு வாள்கள் இரண்டு, 1720-களிலிருந்து நீல வர்ணத்தில் கையாலேயே தீட்டப்பட்டு வந்தன. பெரும்பாலும் மெருகு பூசுமுன்பே தீட்டியபடியால் விரல் நுனியால் தடவினால் கோடு தட்டுப்படாது. மேலே துருத்திக்கொண்டிருந்தால் ஐயுறவுக்கு இடமுண்டு. கைப்பிடிகளுக்கிடையே ஒரு புள்ளி இருப்பின் அது சுமார் 1763-இலிருந்து 1774 வரையிலான காலம். நட்சத்திரம் இருப்பின் மார்கோலினி பிரபுவின் நிர்வாகத்தில், 1774-க்கும் 1814-க்கும் இடையில் செய்தது. வாள்களின்மேல் வெட்டுக்கோடு கீறியிருந்தால், தொழிற்சாலையே அதை இரண்டாந்தரம் என்று கழித்தோ, சித்திரம் தீட்டாமல் வெள்ளையாகவோ விற்றிருக்கிறது என்று கொள்ளலாம்.

போலிகளின் கதை நீளமானது. இங்கிலாந்தின் வொர்ஸெஸ்டர் தொழிற்சாலையாரும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வாள்களைத் தீட்டினார்கள். ஆனால் மாக்கல் கலந்த அவர்களுடைய பீங்கான் விளக்கொளியில் சற்றே பச்சை காட்டும். டிரெஸ்டனில் ஹெலெனா வுல்ஃப்சோன் என்ற அம்மையாரின் சித்திரசாலை, மைஸனில் அரசருக்கென்று ஒதுக்கியிருந்த ‘ஏ.ஆர்.’ என்ற எழுத்துகளையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்துக்கொள்ள, மைஸன் வழக்குத் தொடுத்து அதைத் தடுக்க நேர்ந்தது. பாரிஸ் ஸாம்ஸன் நிறுவனத்தாரின் பிரதிகளோ மிகவும் நேர்த்தியானவை. அடியில் ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் ஆராய்ச்சியே வேண்டாம்: அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தினால் பரவிய வழக்கம் அது, பதினெட்டாம் நூற்றாண்டுத் தட்டில் அதற்கு இடமில்லை.

ஆகவே, பழம்பொருள் கடைக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முத்திரைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், பொருட்காட்சிச்சாலையில் உண்மையான மைஸன் தட்டு ஒன்றைக் கண்ணாரப் பார்த்துவிடுங்கள். கடையிலே தட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்குத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.